ராணி, உனக்கு எப்போது தெரியும்?

என் உயிரான ராணிக்கு,

நம் ஜெயா ஊர் திரும்பிவிட்டாள். நானும் திரும்பிவிட்டேன். தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டைக் கடைத்தெருவை விட்டால் திருநெல்வேலி, அதை விட்டால் திருச்செந்தூர் என்று கிடந்த நான் கஜகஸ்தான் வரைக்கும் விமானம் ஏறிப் போய் வந்தேன் என்றால் நம்புவாயா? பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான சர்வதேச ஜூடோ போட்டி. உன் மகள் முதுகில் நாட்டின் பெயரைத் தைத்துக்கொண்டு கோதாவில் இறங்கினாள்.

ஜெயித்தாளா, தோற்றாளா என்று கேட்பாய். பொறு. அதற்கு முன்னால் நான் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ போய் ஒரு வருஷம் நாலு மாசம் ஆகிவிட்டது. இப்போது போய்ப் பெண்டாட்டியிடம் விசாரணை நடத்துகிறானே என்று யாரும் சிரித்தால் சிரிக்கட்டும். ஜெயாவிடம் கேட்டேன். "அம்மாட்டயே கேளுங்கப்பா" என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

என் குணம் உனக்குத் தெரியாததில்லை. கடையைப் பூட்டினால் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்காமல் நகர மாட்டேன். பால்காரர் ஊற்றினால் நுரை அடங்கும்வரை அவரைப் போகவிட மாட்டேன். ஆறுமுகநேரியிலிருந்து உப்பு மூட்டை வந்தால் அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவுவேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், அதைக் கேட்டு நடந்தேன். இதில் என்ன தப்பு?

ஜெயாவின் பன்னிரண்டாவது வயதில் திருநெல்வேலி டாக்டர் சொன்னாரே, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது என்று. நானாக ஓர் இடத்தில் அதை நிறுத்திக்கொண்டேன். "நடுவுல கொஞ்சம் தெரியுது, நிழல் தெரியுது, ஆள் தெரியுது" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு எவ்வளவு தெரிகிறது என்று அவளை விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்ற நினைப்பு எனக்கு.

அவள் ஜூடோ கற்கப் போனபோது எனக்கு வராத சந்தேகம் கிடையாது. பயிற்சி கொடுக்கிற ஸ்டெல்லா டீச்சர் ஆலந்தலைக்காரி, கட்டுமரம் தள்ளுகிற கை. வாரத்தில் மூன்று நாள் தூத்துக்குடிக்கு பஸ் ஏறிப் போய், பயிற்சிக் கூடத்தின் வாசலில் உட்கார்ந்து, யார் யாரைப் பிடிக்கிறார்கள், எங்கே பிடிக்கிறார்கள் என்று கண் கொட்டாமல் பார்த்தேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு ராணி. மற்ற ஜூடோவில் ஆட்டம் தொடங்கிய பிறகுதான் ஒருவரை ஒருவர் பிடிக்கப் பாய்வார்கள். இதில் நடுவரே இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி, ஒருத்தியின் கையை எடுத்து மற்றவளின் சட்டைக் கழுத்திலும் கையிலும் வைப்பார். நன்றாகப் பிடித்த பிறகுதான் ஆட்டம். "அதெப்படி டீச்சர், முன்னப்பின்ன தெரியாத ஆளை முதல்லயே பிடிச்சுக்கிட்டு நிக்க?" என்று கேட்டேன். "அதுதான் அண்ணாச்சி இங்கன சட்டம்" என்றாள். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

வெளிநாட்டுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தபோது அது மோசடி என்றுதான் முதலில் சொன்னேன். பத்துப் பேரிடம் காட்டி விசாரித்த பிறகு, வீட்டு ஆள் ஒருவரும் கூடப் போகலாம் என்று தெரிந்தது. ஸ்டெல்லா, "நான் இருக்கேன், அண்ணாச்சி கடையைப் பாக்கட்டும்" என்றாள். உன் மகள் ஒற்றைக் காலில் நின்றாள். "அப்பா வந்தாத்தான் போவேன்." என்னை வீட்டில் விட்டுவிட்டு எங்கே போகலாம் என்று பார்க்கிறவள் இன்றைக்கு எதற்கு என்னைக் கூப்பிடுகிறாள்? அப்போதே எனக்கு இடித்தது. கேட்டேன். "உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

அந்த ஊரில் குளிர் எலும்பைத் துளைக்கிறது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதே. குதிரைக்கறி தின்பார்களாம். தட்டில் எது வந்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டு, நான்கு நாளும் ரொட்டியும் கையோடு கொண்டுபோன நம் ஊர் மக்ரூனும் தின்றே உயிர் வாழ்ந்தேன். ஜெயா பாட்டுக்கு எல்லாவற்றையும் வெட்டினாள். "நல்லாத்தான் இருக்குப்பா, தின்னு பாருங்க" என்கிறாள். நான் ஏன் தின்கிறேன்?

போட்டிக்கு முந்தின நாள் கண் பரிசோதனை. வந்த எல்லாரையும் அங்கே உள்ள கண் டாக்டர்கள் பார்ப்பார்கள். கொஞ்சம் பார்வை உள்ளவர்கள் ஒரு பிரிவு, பார்வையே இல்லாதவர்கள் ஒரு பிரிவு. பார்வை கூடுதலாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு அதுதான் பயம். காத்திருந்த கூடத்தில் ஒவ்வொரு நாட்டு ஆளையும் உற்றுப் பார்த்தேன். ஒருவன் போனை எடுத்தான், ஒருத்தி தண்ணீர்ப் பாட்டிலை நேராகப் போய் எடுத்தாள். "டீச்சர், அந்தா இருக்கவளுக்கு நல்லாக் கண்ணு தெரியுது. கண்டிப்பா நடிக்கா" என்றேன். ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

உள்ளே நானும் ஸ்டெல்லாவும் போனோம். டாக்டர் ஒரு வயதான அம்மா. எழுத்து அட்டையை எட்டத்தில் காட்டினார். ஜெயா "தெரியலை" என்றாள். பாதித் தூரம் வந்தார். தெரியலை. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், என் உள்ளங்கை அளவு ஒற்றை எழுத்து. தெரியலை. கை விரலை ஆட்டினார். அதுவும் தெரியலை.

எனக்குச் சுருக்கென்றது. இவள் எங்கே தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் இருக்கிற பார்வையையும் இல்லையென்று சாதிக்கிறாள் என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன் ராணி. ஆயுசு முழுக்க யாரையும் ஏமாற்றாதவன், நான் பெற்ற பிள்ளை வெளிநாட்டில் வந்து கள்ளத்தனம் பண்ணுகிறாளே என்று எனக்கு ரத்தம் கொதித்தது.

"ஏளா! ஒழுங்காச் சொல்லு! இம்புட்டுப் பெரிய எழுத்து உனக்குத் தெரியாதாக்கும்? இங்கன வந்து மானத்த வாங்காத!" என்று கத்திவிட்டேன்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். ஜெயா நாற்காலியில் என் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அப்பா, எனக்குத் தெரியலப்பா. நெசமாவே தெரியல. லைட்டு எரியுதா இல்லையாங்கதுதான் தெரியும். ரெண்டு வருசமாச்சு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். என் மகள் மறைத்திருக்கிறாள். தினமும் என் கையால் சோறு வாங்கித் தின்றுகொண்டே மறைத்திருக்கிறாள். அந்த அறையில் நான் என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அழுதேன் என்று ஸ்டெல்லா பிறகு சொன்னாள்.

வெளியே வந்ததும் பார்வையே இல்லாதவர்கள் பிரிவு என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் ஆடுகிறவர்கள் சட்டையின் இரண்டு கையிலும் சிவப்பு வட்டத் துணி தைத்திருக்க வேண்டும். வெள்ளை உடுப்பு ஒன்று, நீல உடுப்பு ஒன்று, ஆக நான்கு வட்டம். ஸ்டெல்லா பையைத் திறந்து சரியாக நான்கை எடுத்து நீட்டினாள். அவள் கூட்டிவந்த பிள்ளை இவள் ஒருத்திதான். ஊரிலிருந்து கிளம்பும்போதே எதற்காக அது பைக்குள் இருக்க வேண்டும்?

"டீச்சர், உங்களுக்குத் தெரியும். அப்படித்தான?"

"பிடிச்சா தெரிஞ்சிரும் அண்ணாச்சி," என்றாள். "கண்ணு தெரியுத பிள்ள பிடிக்கித பிடி வேற. அவ என் சட்டையப் பிடிச்ச அன்னைக்கே தெரியும். நானா சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

அறைக்குப் போய்ச் சிவப்பு வட்டங்களை நானே தைத்தேன். தையல் வேலையெல்லாம் உன்னுடையது. எனக்குத் தெரிந்தது சாக்கு மூட்டை வாய் தைக்கிற தையல் ஒன்றுதான். அதையே போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயாவிடம், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஊர்ல வச்சுச் சொல்லியிருந்தா கடையப் பூட்டிட்டு என் பக்கத்துலயே உக்காந்துருவிய. என்னைய வாசலத் தாண்ட விடமாட்டிய. இங்கன சொன்னா, மறுநாளே நான் கோதாவுல நிக்கணும்லா. உங்களால ஒண்ணும் செய்ய முடியாது. அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்."

என் பிள்ளை என்னைவிடப் பெரிய வியாபாரி. அவள் சொன்னது போலத்தான் நான் செய்திருப்பேன்.

அப்போதுதான் மனசு கணக்குப் போட்டது. பார்வை போய் இரண்டு வருஷம். நீ போய் ஒரு வருஷம் நாலு மாசம். அப்படியானால் நடுவில் எட்டு மாதம் நீ இருந்திருக்கிறாய். அந்தத் தீபாவளிக்கு முதல் நாள் நான் மீசைக்கு மை அடித்துக்கொண்டு வந்தேன். வாசலிலேயே "அப்பா, புது மாப்பிள்ள மாதிரி இருக்கிய" என்றாளே. இப்போது புரிகிறது, மையின் நாற்றத்தை வைத்துச் சொல்லியிருக்கிறாள். நீயும் கட்டிலில் படுத்தபடியே சிரித்தாய். எதற்குச் சிரித்தாய் ராணி? மாப்பிள்ளையைப் பார்த்தா, ஏமாந்தவனைப் பார்த்தா?

"அம்மாக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அதற்குத்தான் அந்தப் பதில். அம்மாட்டயே கேளுங்க.

மறுநாள் முதல் ஆட்டம். பார்வையாளர்கள் சத்தம் போடக்கூடாது, ஆடுகிறவர்களுக்குக் காதுதான் எல்லாம் என்று சொல்லியிருந்தார்கள். எனக்குச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. முந்தின நாள் அறையில் கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகு என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. காலைச் சாப்பாட்டைக்கூட நான் முகர்ந்து பார்க்கவில்லை. தட்டில் இருந்ததைத் தின்றேன். குதிரையாக இருந்தால் இருக்கட்டும்.

நடுவர் ஜெயாவின் கையை எடுத்து அந்த எதிராளிப் பெண்ணின் சட்டையில் வைத்தார். தொடங்கி ஒரு நிமிஷம் இருக்காது. ஜெயா இடுப்பைக் கொடுத்துத் திரும்பினாள். அந்தப் பெண் மல்லாக்க விழுந்தாள். ஜெயித்துவிட்டாள் ராணி! உன் மகள் ஜெயித்துவிட்டாள்! கூடம் கைதட்டியது. ஜெயா இரண்டு கையையும் தூக்கி, வாயெல்லாம் பல்லாக, அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

அந்தப் பக்கம் யாருமே இல்லை. வெறும் நாற்காலிகள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

அவள் காலி நாற்காலிகளைப் பார்த்துக் கையாட்டுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் என் முகத்தைத் தவறவிட்டதில்லை. கடைக்குள் எந்த மூலையில் நின்றாலும் நேராக என்னைப் பார்த்துத்தான் பேசுவாள். அதை வைத்துத்தானே நான் நம்பினேன். அன்றைக்கு மட்டும் ஏன் தப்பியது என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் தோற்றாள். விளிம்பில் விழுந்ததைப் புள்ளியாக எடுத்துக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று, "ஏளா ஜெயா! அது கோட்டுக்கு வெளிய! அந்த ரெப்ரி மேல எனக்கு முதல்லயே சந்தேகம்!" என்று தமிழில் கத்தினேன்.

தோற்று நின்றவள் சட்டென்று திரும்பினாள். நேராக என் முகத்துக்கு. விழுந்து விழுந்து சிரித்தாள்.

வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "முதல் ஆட்டத்துல ஏன்ப்பா வாயத் தொறக்கல? எந்திரிச்சுப் போயிட்டியளோன்னு பயந்துட்டேன். நீங்க யாரையாவது குத்தம் சொல்லிட்டே இருப்பியல்லா, அத வச்சுத்தான உங்க மூஞ்சி எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நம் ஊர் உப்பளம் கண்ணில் பட்ட நேரத்தில் உன் ஞாபகம் பிடித்துக்கொண்டது. இருபத்தைந்து வருஷம், நாள் தவறாமல் "கொஞ்சம் வாய மூடுதியளா" என்று என்னை அதட்டியவள் நீ. கடைசி எட்டு மாதம் ஒருதரம்கூட அதைச் சொல்லவில்லை. பால்காரரை நான் திட்டினால் "பொறவு?" என்று கேட்டாய். உப்பு மூட்டையைப் பற்றி ஒரு மணி நேரம் புலம்பினாலும் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாய். உடம்பு முடியவில்லை, சண்டைக்குத் தெம்பில்லை என்று நினைத்தேன். ஜெயா அப்போதெல்லாம் எங்கே இருந்தாள்? உன் கட்டில் ஓரத்தில், நான் பேசப் பேச என் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

இனி ஜெயாவிடம் கேட்கவேண்டியதில்லை. உனக்குத் தெரியும்.

உன் மேல் கோபம்தான். ஆனாலும் ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன். பஸ்ஸிலும் கடையிலும் பயிற்சிக் கூடத்து வாசலிலும், எனக்குத் தெம்பு இருக்கிறவரை, நான் வாயை மூட மாட்டேன்.

பால்காரரில் தொடங்கி ரெப்ரி வரைக்கும் சந்தேகப்பட்டு, உன்னையும் உன் மகளையும் மட்டும் கோட்டைவிட்ட
உன் வீட்டுக்காரன்,
ஜெயக்கனியின் அப்பா