புதன்கிழமை மேசை

பிப்ரவரி 25, புதன்

இன்றும் சமூகக் கூடத்தில் நாற்காலி போதவில்லை. சுவரோரம் நின்றவர்களே ஒரு வரிசை. ரத்த அழுத்தம் பார்க்கும் புதன்கிழமை மேசைக்கு இந்த வட்டாரத்திலேயே இத்தனை கூட்டம் சேர்வது எங்கள் கூடத்தில்தான். சேர்த்தது யார்? நான்தான். யாரும் சொல்லாததால் நானே எழுதி வைக்கிறேன்.

பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும் என்பது நர்ஸின் சட்டம். பேசினால் அளவு ஏறிவிடுமாம். எங்கள் கூட்டத்துக்கு நடக்கிற காரியமா அது? தையற்கடை வைத்திருந்ததால் நாங்கள் பட்டன் என்று கூப்பிடுபவள், வாயை மூடிக்கொண்டு கையாலேயே தன் மருமகனைப் பற்றிக் கதை சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்து பிரஷர் ஏறிவிட்டது.

"அம்மா, முதல்ல இருந்து உக்காருங்க" என்றாள் நர்ஸ்.

பிப்ரவரி 26, வியாழன்

பேத்தியின் அலுவலகத்தில் ஐந்து வருடச் சுகாதாரத் திட்டம் பாதி தாண்டிவிட்டதாம். இதுவரை எது நடந்தது, எது நடக்கவில்லை, மீதி இரண்டரை வருடம் என்ன செய்வது — பார்த்துச் சொல்ல வேண்டியவள் அவள். அரையாண்டுப் பரீட்சை மாதிரி என்று புரிந்துகொண்டேன். ஐந்தாவதோடு நின்றவளின் பேத்தி ஒரு வட்டாரத்துக்கே மார்க் போடுகிறாள்! மருமகளிடம் சொன்னேன். "நேத்தும் சொன்னீங்க அத்தை" என்றாள். நாளைக்கும் சொல்வேன்.

"பாட்டி, அடுத்த புதன் உங்க கூடத்துலதான் கூட்டம். பெரிய டாக்டரும் வர்றாரு."

"வரட்டும். கூட்டம்னா என்னன்னு காட்டறேன்."

அவள் சிரிக்கவில்லை. "எந்த மேசைய வெச்சுக்கறது, எதை எடுக்கறதுன்னு அன்னிக்குத்தான் முடிவாகும்."

"எடுக்கறதா? எங்க மேசையையா?"

"எல்லாரையும் கேட்டுட்டுத்தான் பாட்டி."

என் புதன்கிழமையை எடுத்துவிடுவார்களா? பார்க்கிறேன்.

மார்ச் 1, ஞாயிறு

மகனுக்கு விடுமுறை. பஸ் ஓட்டுகிறவன் இரண்டு மாடி ஏறுவதற்குள் நடுப்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கேட்டால் வெயில் என்கிறான். வானம் மூட்டமாக இருந்தது.

பேத்தி பிரஷர் பார்க்கும் கருவியைக் கையில் எடுத்ததுமே குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். ஐம்பது வயது ஆள்! கதவுக்கு வெளியே மகளும் மனைவியும் நின்று கெஞ்சுகிறார்கள். உள்ளே குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பாடுகிறான். பாட்டு வேறு வராது அவனுக்கு.

பிறகு என்னிடம் மட்டும் சொன்னான். "பிரஷர்னு ஒரு வார்த்தை எழுதிட்டாங்கன்னா ஸ்டீரிங்க விட்டு இறக்கிடுவாங்கம்மா. எங்க டிப்போல ரெண்டு பேர இப்படித்தான் வீட்டுக்கு அனுப்புனாங்க."

குழாயைப் போய் இறுக்கி மூடிவிட்டு வந்தேன்.

மார்ச் 2, திங்கள்

வீடு வீடாகப் போய்ச் சொல்லியாகிவிட்டது. புதன்கிழமை வராதவள் என் முகத்தில் விழிக்க வேண்டாம்.

இன்னொரு யோசனையும் சொன்னேன். ஒருமுறை பார்த்தவர்கள் பின்வாசலால் போய், சுற்றிக்கொண்டு முன்வாசலால் திரும்பி வர வேண்டும். "அக்கா, நீ எலெக்‌ஷன்ல நிக்க வேண்டியவ" என்றாள் பட்டன். நின்றிருந்தால் ஜெயித்துமிருப்பேன்.

மார்ச் 4, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கூடம் நிரம்பி வழிந்தது. பெரிய டாக்டருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "திட்டம் ஆரம்பிச்சப்போ இருந்ததைவிட மூணு மடங்கு! இந்த வேகத்துல போனா அஞ்சு வருஷ இலக்கை இப்பவே தாண்டிருவோம்" என்றார். நான் பட்டனைத் தேடினேன். அவள் அப்போதுதான் பின்வாசலால் நழுவிக்கொண்டிருந்தாள்.

பேத்தி எழுந்தாள். "சார், நான் ரெண்டே கேள்வி கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்கு முதல் தடவையா வந்தவங்க கை தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை. இரண்டாம் சுற்றுக்காகச் சால்வையை மாற்றிப் போட்டுக்கொண்டு முன்வாசலில் நுழைந்த பட்டன், ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்தபடி நின்றுவிட்டாள்.

"சரி. வீட்ல ஒரு தடவைகூட பிரஷர் பாக்காத பெரியவங்க இருந்தா கை தூக்குங்க."

முதலில் எங்கள் கூட்டத்து வாத்தியாரம்மாவின் கை. அவள் தம்பி கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். பிறகு பட்டன் — அவள் மருமகன். பிறகு அப்படியே பரவியது, மழைக்குக் குடை விரிக்கிற மாதிரி. என் கையை நான் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பேத்தி என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் முறைத்திருப்பேன். பார்க்காததுதான் பொறுக்கவில்லை. தூக்கினேன்.

"வர்றவங்க திரும்பத் திரும்ப வர்றாங்க, அது நல்லதுதான் சார்" என்றாள் பேத்தி. "ஆனா வராதவங்க இன்னும் வரவே இல்ல. புதன்கிழமை பகல்ல அவங்க எல்லாம் வேலைல இருக்காங்க. நாம தலையை எண்ணல, வருகையைத்தான் எண்ணியிருக்கோம். மேசை அவங்க இருக்கற இடத்துக்குப் போகணும்."

டாக்டரின் சந்தோஷம் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் தலையாட்டினார்.

"அப்ப எங்க கதி?" என்றாள் பட்டன்.

"உங்களுக்கு மாசத்துக்கு ஒரு தடவை போதும் பட்டன் பாட்டி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேசைக்காக நான் பேசுவேன் என்றுதானே அத்தனை பேரும் வந்தார்கள்? திங்கட்கிழமையிலிருந்து ஒத்திகை பார்த்த பேச்சு தொண்டை வரை தயாராக இருந்தது. எழுந்தேன். நடுப்படியில் உட்கார்ந்திருந்தவன்தான் கண்ணில் நின்றான்.

"தூக்கிட்டுப் போங்க" என்றேன். "முதல்ல பஸ் டிப்போவுக்குத் தூக்கிட்டுப் போங்க. ஆனா வேலை போயிடும்னு பயந்து ஒருத்தனும் வர மாட்டான்."

"தெரியும் பாட்டி. அதுக்குத்தான் டிப்போ மேனேஜர்கிட்ட ஒரு மாசமா பேசிட்டிருக்கேன்" என்றாள்.

எனக்குத் தெரியாமல் ஒரு மாதமா! திரும்பி வரும்போது பட்டன் என்னோடு நடக்கவில்லை. எதிர்ப்பக்க நடைபாதையில் போனாள்.

மார்ச் 5, வியாழன்

பட்டன் போனை எடுக்கவில்லை.

மார்ச் 7, சனி

இன்றும் எடுக்கவில்லை. வாத்தியாரம்மா மட்டும் கூப்பிட்டு, "பேத்திக்காக எங்கள விட்டுக் குடுத்துட்டீங்களேன்னு பட்டன் சொல்றா" என்றாள்.

என்னத்தை விட்டுக்குடுத்தேன்? என் புதன்கிழமையும்தானே போச்சு? ஒரு வாய் டீ குடிச்சு, நாலு வார்த்தை பேசிச் சிரிக்கிற ஒரே இடம் — எனக்கு மட்டும் வலிக்காதா?

நான் செய்தது சரி. எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். சரிதான்.

மார்ச் 15, ஞாயிறு

சாப்பிடும்போது பேத்தி விஷயத்தைச் சொன்னாள். டிப்போவில் யாருக்குப் பிரஷர் இருந்தாலும் வேலை போகாது. மாத்திரை போட்டு அளவு இறங்கும்வரை டிப்போவுக்குள்ளேயே வேலை, அதே சம்பளம். இறங்கியதும் பழையபடி ஸ்டீரிங்.

மகன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இந்த மேனேஜர் நல்லவரு. அடுத்து வர்றவன்?" என்றான்.

"அடுத்தவருக்கும் சேத்துத்தான்பா எழுதி வாங்கியிருக்கேன்."

இதுதான் என் பேத்தி! அவன் கை கழுவிக்கொண்டு போய்விட்டான். அவள் சமையலறையில் வந்து என் தோளில் சாய்ந்தாள். "ஊருக்கே திட்டம் போடறேன் பாட்டி. இவர் ஒருத்தர்கிட்ட முடியல."

"நீ ஊரைப் பாத்துக்கோ கண்ணு. இவன் என் டிபார்ட்மென்ட்."

மார்ச் 18, புதன்

கால் பழக்கத்தில் கூடத்துக்கே போயிற்று. மேசை இல்லை, நர்ஸ் இல்லை. ஆனால் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள்! பட்டன் பக்கத்து நாற்காலியில் பை வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தேன்.

"இப்ப வாயத் தொறக்க அஞ்சு நிமிஷம் காத்திருக்க வேண்டாம் பாரு, அக்கா" என்றாள்.

பிறகு எங்களை யார் நிறுத்துவது?

ஏப்ரல் 8, புதன்

டிப்போவில் மேசை போட்டார்கள். ஓட்டுநர்கள் வேலை முடிந்து சாவி ஒப்படைக்கிற ஜன்னலுக்குப் பக்கத்திலேயே. இடம் பேத்தி தேர்ந்தெடுத்தது. எனக்கும் உத்தியோகம் உண்டு: ஐந்து நிமிடத்துக்குள் பேசுகிறவர்களை அதட்டுவது. நர்ஸுக்கு அதட்ட வரவில்லையாம். எனக்கு அது சொல்லித் தர வேண்டியதில்லை.

மகன் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்களுக்கு நடுவே புகுந்து நழுவப் பார்த்தான்.

"டேய்!"

டிப்போவே திரும்பியது.

"அம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். வந்து உக்காரு."

"உங்கம்மா வந்திருக்காங்க, போய்யா. எங்கம்மா வரல, நாங்க குடுத்து வெச்சவங்க" என்றார் இன்னொரு ஓட்டுநர். அந்தச் சிரிப்பிலேயே வந்து உட்கார்ந்தான். ஐந்து நிமிடம் அவன் பக்கத்தில் நானும் வாயைத் திறக்கவில்லை. அவன் உள்ளங்கை வியர்த்திருந்தது. பிடித்துக்கொண்டேன், சின்னப் பிள்ளையில் சாலை தாண்டப் பிடித்த மாதிரி. உருவிக்கொள்ளவில்லை.

நர்ஸ் ஒரு கையில் பார்த்தாள். மறு கையிலும் பார்த்தாள். அளவை என்னிடம் சொல்லவில்லை, அவனிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். அவன் முகத்திலேயே படித்துவிட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

மகன் இன்று பஸ் எடுக்கவில்லை. "டயர் எண்ணப் போறேன்" என்று மருமகளிடம் கடுகடுத்துவிட்டுப் போனான். கோபம் இருக்கட்டும். மாத்திரையைப் போட்டுக்கொண்டுதானே போனான்.

மே 6, புதன்

எங்கள் மாதாந்திர மேசை. பேத்தியின் ஆய்வை மேலிடத்தில் அப்படியே ஏற்றுக்கொண்டார்களாம். அடுத்து கிடங்கு, அதற்கடுத்து சந்தை. பட்டன் மருமகனும் வாத்தியாரம்மா தம்பியும் இனி குளியலறையில் ஒளிய முடியாது.

நர்ஸ் கண்ணைக் காட்டினாள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தோம். ஐந்து நிமிடம் முடியப் போகிற நேரம், தெருவில் ஒரு பஸ் நீளமாக ஹார்ன் அடித்தது. அடித்துவிட்டு, இன்னொரு முறையும் அடித்தது.

"எவன்டி அவன், ஹார்ன் அடிக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கறது கண்ணுக்குத் தெரியலயா?" என்றாள் பட்டன்.

ஜன்னல் பக்கம் திரும்பினேன். ஸ்டீரிங்குக்குப் பின்னாலிருந்து ஒரு கை அசைந்தது.

"என் பையன்தான்" என்றேன். கூடமே கேட்கும்படி சொன்னேன்.

"அம்மா" என்றாள் நர்ஸ், "முதல்ல இருந்து உக்காருங்க."