முன்வாசல் வழியாகப் போன ஓட்டை நாற்காலி

அடியே, இன்று காலை உன் நாற்காலி திரும்பி வந்தது. பெருநகர் கிராமத்தில் ஒரு வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு, பஸ்ஸில் கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்துகொண்டு தனியாகவே வந்து சேர்ந்தது. கண்டக்டர் அதை நம் லுத்தரன் கோயில் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு விசில் ஊதினார். பக்கத்தில் போனதும் டெட்டால் வாசனை குப்பென்று அடித்தது. எனக்கு உடனே உன் ஞாபகம். மற்றவர்களுக்கெல்லாம் இறந்துபோன சிநேகிதியை நினைத்தால் மல்லிகைப்பூ வாசனை வருமாம். எனக்கு டெட்டால். அப்படி ஒரு சிநேகிதியாக இருந்து தொலைத்தாய்.

குழாயடியில் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்திருக்கிறேன். சிவப்பு வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது. ஓட்டையைச் சுற்றி நீ சுற்றிய சைக்கிள் டியூப் மட்டும் இன்னும் அசையவில்லை. நீ போட்ட முடிச்சு ஆயிற்றே, அவிழ்க்க முடியுமா. அது காயும்வரை எனக்கு வேலை இல்லை. அதனால் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ இருந்தபோது உனக்குப் படிக்க வராது, நான்தான் எல்லாவற்றையும் படித்துக் காட்டுவேன். இப்போது நீயே படித்துக்கொள், அங்கே யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

இந்த நாற்காலி பிறந்த கதையை நினைத்தால் இப்போதும் தனியாகச் சிரிக்கிறேன். உன் பக்கத்து வீட்டுக்காரர் தென்னை மரத்திலிருந்து விழுந்து, கால் இரண்டும் வராமல் படுத்திருந்தார். மலஜலத்துக்கு அவரை எழுப்பிக் குந்த வைக்க மூன்று ஆள் வேண்டியிருந்தது. நீ யாரையும் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை கோயில் நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப் போட்டு, என் சத்துணவுக் கூடத்துக் குண்டான் மூடியை அதன்மேல் வைத்து வட்டம் போட்டு, ஆக்சா பிளேடால் அறுத்துவிட்டாய். அடியில் இரண்டு ரீப்பர் கட்டையைக் கம்பியால் கட்டினாய். பிறகு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நீயே உட்கார்ந்தாய். உள்ளே போய்விட்டாய். மூடி பெரியது, உன் உடம்பு சின்னது. "டீச்சரு, இன்னா பாத்துகினு நிக்கற, இழு" என்று கத்தினாய். எங்கே இழுப்பது. சிரிப்பில் எனக்குக் கையில் பலமே இல்லை. அந்தக் கூத்துக்குப் பிறகுதான் ஓட்டையைச் சுருக்க டியூப் சுற்றினாய்.

நான் டீச்சரும் இல்லை ஒன்றும் இல்லை, சத்துணவு அமைப்பாளர். நூறு தடவை சொல்லியிருப்பேன். நீ கேட்டால்தானே.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், அறிவிப்பு நேரத்தில், போதகர் ஐயர் ஒரு நாற்காலி குறைகிறதே என்று கேட்டார். சபையே திரும்பிப் பார்த்தது. நீ எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "அது ஊழியத்துக்குப் போய்க்கீது ஐயரே" என்றாய். அவர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார்.

அப்போது சனிக்கிழமை மத்தியானம் மாதர் சங்கத்தில் நாம் நாலு பேர் கிளம்புவோம். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பது, தலை வாரிவிடுவது, நகம் வெட்டுவது, உத்திரமேரூர் போய் மாத்திரை வாங்கி வருவது. நமக்குள் சண்டை வராத சனிக்கிழமை உண்டா. வீட்டுக்குள் நுழைந்ததும் நான் வேதாகமத்தை எடுப்பேன். நீ அடுப்படியை எட்டிப் பார்ப்பாய். "சாமான் அப்பிடியே கெடக்குது பாரு. அத்த தேச்சிட்டு வந்து புக்க தொற. அவுங்களா கேட்டா ஜெபம் பண்ணலாம்." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கர்த்தருடைய வார்த்தை பாத்திரத்துக்குப் பிறகா என்று ஒரு வாரம் உன்னோடு பேசாமல் இருந்தேன். அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு எழுத்திலேயே ஒத்துக்கொள்கிறேன், போதுமா.

ஆனால் நான் எழுத வந்தது ஊர்த்தெரு அம்மாவைப் பற்றி.

நீ நடவுக்குப் போகிற நிலத்துக்காரர் வீட்டுப் பெரியம்மா அவர். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து, தகடு வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நம் காலனிக்கும் ஊர்த்தெருவுக்கும் ஒன்றாய்ப் போய்வருகிற ஆள் கிராம நர்ஸ் ஒருத்திதான். அவள் வந்து வயல் வரப்பில் நின்று உன்னிடம் சொன்னாள். அந்தம்மா சோற்றை நிறுத்திவிட்டார், நேற்றிலிருந்து தண்ணீரையும் நிறுத்திவிட்டார். மருமகள் பெட்பேன் வைப்பது வெட்கமாம். உள்ளே எதுவும் போகாவிட்டால் வெளியே எதுவும் வராது என்று கணக்குப் போட்டிருக்கிறார். இப்படியே இரண்டு நாள் போனால் சிறுநீரகம் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியாயிற்று.

நீ சேற்றுக் காலோடு நேராக என்னிடம் வந்து, "நாற்காலிய எடு" என்றாய்.

நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு ஆறும். "கெடக்கட்டும், பட்டினி கெடந்தே சாவட்டும்" என்றேன். அந்த வீட்டுக் கொல்லையில் என் அம்மா குனிந்து இரண்டு கையையும் சேர்த்துப் பிடிக்க, மேலேயிருந்து சொம்பால் தண்ணீர் ஊற்றியதை நான் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்தவள். ஊற்றியது இதே அம்மாதான். பாதித் தண்ணீர் முழங்கை வழியாகத் தரையில் போகும். அம்மா அதைக் குடித்துவிட்டு மறுபடி களத்துக்குப் போவாள். அதை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை.

நீ எனக்குப் புத்தி சொல்லவில்லை. மன்னிப்பு அது இது என்று நீ ஆரம்பித்திருந்தால் நான் அன்றைக்கு உன்னை அடித்தே இருப்பேன். "செரி, நீ வராத" என்றாய். துண்டைச் சும்மாடு கட்டி, நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தாய். நாலு காலும் வானத்தைப் பார்க்க, அடியில் வைக்கிற பேசினைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊர்த்தெரு நடுவில் நீ ஒருத்தி போகிறாய். எப்படி விட முடியும். திட்டிக்கொண்டே பின்னால் வந்தேன்.

வாசலில் அவர் மகன் நின்றிருந்தார். "கொல்லப் பக்கமா வாங்க" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை, பழக்கம்தான் இருந்தது.

"நைனா, பின்னால படி ஒசரம், சேறு வேற. நாற்காலி போவாது. முன்னாலதான் போவும்" என்றாய்.

"இது யார் யார் உக்காந்தது?"

"மூணு பேரு உக்காந்தாங்க. மூணு பேரும் எழுந்து நடந்துகினு கீறாங்க."

அவர் கொஞ்ச நேரம் செல்போனைப் பார்த்தார். ஆன்லைனில் புதிதாக வாங்கிக்கொள்கிறேன், நாலு நாளில் வந்துவிடும் என்றார். நீ நாற்காலியைக் கீழே இறக்கவே இல்லை. "நாலு நாளிக்கு அம்மா தாங்குவாங்களா நைனா?" என்று மெதுவாகக் கேட்டாய். அவர் உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அவருக்கும் அது அம்மாதானே.

அப்புறம் நீ செய்ததை நான் எந்தக் காலத்திலும் செய்திருக்க மாட்டேன். அவர் தோளுக்கு மேலே, வயலில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கூப்பிடுவாயே, அந்தக் குரலில் உள்ளே பார்த்துக் கத்தினாய். "அம்மா, ஓட்ட நாற்காலி கொண்ணாந்துகீறோம். இனிமே யாரும் ஒனக்குப் பேன் வெக்க வாணாம். நீயே உக்காரலாம், நாங்க வெளிய நிப்போம்." தெருவில் இருந்த எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். எனக்கு மானமே போயிற்று.

உள்ளேயிருந்து ஒரு குரல், காய்ந்து போய், ஆனால் கட்டளையிட்டே பழகிய குரல் வந்தது. "நடவுக்கு வர்ற பொண்ணுதானே அது. முன்னாலயே வரச் சொல்லுடா."

மகன் ஒதுங்கினார். அந்த நிலைப்படியை அன்றைக்குத்தான் நான் தாண்டினேன்.

அந்தம்மாவைத் தூக்க நீ தலைமாட்டில் நின்றாய், நான் கால்மாட்டில். என் கையை அவர் தொடைக்கு அடியில் கொடுத்தேன். எடையே இல்லை. இத்தனை வருஷமாக நான் மனசுக்குள் வைத்து எரித்துக்கொண்டிருந்தது இந்த எலும்பைத்தானா என்று நினைத்தேன். உட்கார வைத்து, ஒரு புடவையைக் குறுக்கே கட்டி மறைத்துவிட்டு வெளியே வந்து நின்றோம். மருமகள் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். நீ அவள் முதுகைத் தடவி, "நீ இன்னா பண்ணுவ, ஒன் மேல தப்பு இல்ல" என்றாய். அவளிடம் அதை யாருமே சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது, ஓவென்று அழுதுவிட்டாள்.

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து, "ஆச்சு" என்று கேட்டது. அப்புறம், "தண்ணி" என்று கேட்டது.

சொம்பும் டம்ளரும் அங்கேயே ஸ்டூலில் இருந்தன. நீ எடுத்திருக்கலாம், மருமகள் எடுத்திருக்கலாம். நீ என்னைப் பார்த்து, "டீச்சரு, நீ குடு" என்றாய். நான் டம்ளரில் ஊற்றி அவர் வாயில் வைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குடித்தார். ஒரு சொட்டுக் கீழே சிந்தவில்லை. "இன்னும் கொஞ்சம்" என்றார். இரண்டாவது டம்ளரையும் குடித்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது, அப்படித்தான் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யாரை ஜெயித்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கிளம்பும்போது, "உங்க சாமிகிட்ட எனக்காக ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார். நீ, "சொல்லிட்டுத்தாம்மா வந்தோம்" என்றாய். எப்போது சொன்னாய். வழியெல்லாம் நான் திட்டியது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

அன்று சாயங்காலமே கஞ்சி குடித்தாராம். இரண்டு மாதத்தில் வாக்கர் பிடித்து வாசல் வரை வந்தார். அதற்கு முன்பே, மகன் ஆன்லைனில் வாங்கிய நாற்காலி வந்ததும் நம்முடையதைக் கழுவி, அவரே நம் கோயிலுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு உன் முறை வந்தது. வயிற்றில் கட்டி என்றார்கள், பார்ப்பதற்குள் முற்றிவிட்டது என்றார்கள். நீ எழுந்து நடக்க முடியாமல் ஆனபோது, உன் கையால் அறுத்த நாற்காலி கூரம் கிராமத்தில் யாரோ ஒருவருக்குப் போயிருந்தது. வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். "அவுரு எங்க உக்காருவாரு, பேஜார் பண்ணாத" என்று என்னைத் திட்டினாய். நான் என்ன செய்வது என்று தெரியாமல் உன் வீட்டு வாசலில் நின்றிருந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். ஊர்த்தெரு முனையிலிருந்து அந்தம்மா வாக்கரை ஊன்றி ஊன்றி நம் தெருவுக்குள் வருகிறார். பின்னால் அவர் மகன், தலையில் அந்த ஆன்லைன் நாற்காலி. சும்மாடு கட்டத் தெரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தார். காலனியே வேலையை விட்டுவிட்டு நின்றது. உன் வீட்டு வாசலுக்கு வந்து, மூச்சு வாங்கி நின்று, அந்தம்மா உள்ளே பார்த்துக் கேட்டார். "முன்னால வரலாமா?"

படுக்கையிலிருந்து நீ சொன்னாய். "எங்க வூட்டுக்குப் பின்னாலயே கெடையாதும்மா. உள்ள வா."

அந்தம்மா சிரித்தார். அப்புறம் அழுதார். நானும்தான். நீ மட்டும், "டீச்சரு, அம்மாவுக்குத் தண்ணி குடு" என்று வேலை ஏவிக்கொண்டிருந்தாய். உன் டம்ளரில்தான் கொடுத்தேன், குடித்தார். நீ அந்த நாற்காலியில் பதினொரு நாள் உட்கார்ந்தாய். ஓட்டை சரியான அளவு, நாம்தான் பெரிய மூடியை வைத்து ஏமாந்துவிட்டோம் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாய்.

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இப்போது நம்மிடம் இரண்டு நாற்காலி. சனிக்கிழமை நாலு பேர் என்ற கணக்கும் குறையவில்லை, உன் இடத்தில் அந்தம்மா வருகிறார். "ஜெபத்துக்கு மட்டும் கூப்பிடாதீங்க, மத்ததுக்கெல்லாம் வரேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வெட்கப்பட்டுச் சாப்பிடாமல் கிடப்பவர்களிடம் நாம் பேசினால் எடுபடாது. அவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் உக்காரல? எனக்கு இன்னா கொறஞ்சி போச்சு?" என்று ஒரு அதட்டல் போட்டால் போதும். ஒருநாள் ஷேர் ஆட்டோவில் வரும்போது என் பக்கம் திரும்பாமலே, "உங்கம்மா கையில தண்ணி ஊத்தினவ நான்தான். ஒனக்கு ஞாபகம் கீதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். "கீதும்மா" என்றேன். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

இன்றைக்கு மாகறலுக்குப் போகிறோம். அங்கே ஊர்த்தெருவில் ஒரு பெண் இடுப்பு முறிந்து படுத்திருக்கிறாளாம், நேற்றிலிருந்து வாயில் எதுவும் வைக்கவில்லையாம். நம் ஊர்த்தெரு அம்மாவின் மகன் வண்டி கொண்டுவந்துவிட்டார். நாற்காலியை அதில் ஏற்றிக்கொள்ளலாம்தான். ஆனாலும் அந்தத் தெரு முனையில் இறங்கி நான் தலையில்தான் தூக்கிப் போவேன். உன் துண்டுதான் சும்மாடு. ஒவ்வொரு தடவையும் கழுத்து வலிக்கிறது, நீ எப்படித்தான் தூக்கினாயோ. அவர்கள் பின்னால வாங்க என்று சொன்னால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"டீச்சரு, நாற்காலி காஞ்சுதா?" என்று அம்மா வண்டியிலிருந்து குரல் கொடுக்கிறார். நான் டீச்சர் இல்லை என்று அவரிடமும் சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்டால்தானே. காய்ந்துவிட்டது, கிளம்புகிறேன்.