ஈசல் இறங்கிய மாலை

ரந்தாவ்,
2.10.1955

அன்புள்ள ஆக்னஸ் அக்காவுக்கு,

தம்பி ஜோசப்ராஜ் எழுதுவது. மாதா தயவில் இங்கே சுகம். கோலா பிலாவில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இது மூன்றாவது கடிதம். முன் இரண்டுக்கும் பதில் இல்லை. தபால்காரர் மேல் பழியைப் போட்டு மனசைத் தேற்றிக்கொள்கிறேன்.

தோட்டத்தில் எனக்கு அதே வேலிக் காவல்தான். சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டினால் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற சனம் முந்நூறு பேரும் விடியும்வரை முள்கம்பிக்குள்ளே. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாது என்று, தாண்டினால் சுடலாம் என உத்தரவு. நான் இதுவரை ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை, அக்கா.

பதினைந்தாம் தேதி படம் காட்டும் லாரி வருகிறதாம். எறும்புகள் ஊரையே தின்கிற இங்கிலீஷ் படம் என்று ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சொன்னார். சனம் இப்போதே நாள் எண்ணுகிறது.

ஒரு வரியாவது போடுங்கள்.

உங்கள் தம்பி
ஜோசப்ராஜ்

*

கோலா பிலா,
8.10.1955

தம்பிக்கு,

மூன்று கடிதமும் வந்தன. தபால்காரர் நல்லவர்.

ஏன் பதில் போடவில்லை என்று உனக்கே தெரியும். தொழிற்சங்கத்து ஆள் என்று உன் மாமாவைப் பிடித்துப்போன காலையில், லாரிப் பக்கத்தில் துப்பாக்கியோடு நின்றவன் நீ. என்னைப் பார்த்தாய். தலையைக் குனிந்துகொண்டாய். "இவர் என் அக்கா புருசன்" என்று ஒரு வார்த்தை உன் வாயில் வரவில்லை. அவரை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றி நாலு வருசமாகிறது. ஒரு குண்டும் சுடவில்லை என்று எனக்கு எழுதாதே.

படம் பார். மழையில் நனையாதே.

ஆக்னஸ்

*

ரந்தாவ்,
20.10.1955

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் திட்டியதை நாலு தடவை படித்தேன். அந்தக் காலையில் நான் தலையைக் குனிந்தது நிசம்தான். எனக்குப் பயம், அவ்வளவுதான். இப்போது வேறொன்று சொல்ல வேண்டும். உங்களைத் தவிர யாரிடம் சொல்வேன்?

சனிக்கிழமை மத்தியானம் முழுக்க மழை. பொழுது சாய விட்டது. திடலில் வெள்ளைத் துணி கட்டினார்கள். வேலி விளக்குகளுக்கும் படத்துக்கும் ஒரே கரண்ட் எஞ்சின். நானும் நல்லசாமியும் கேட்டில் காவல்.

படம் ரொம்ப மட்டம், அக்கா. மாட்டுவண்டி அளவுக்கு ஓர் எறும்பு. அதன் காலை இழுக்கிற கயிறு பளிச்சென்று தெரிகிறது. அது வாயைத் திறக்கும்போதெல்லாம் சனம் சிரித்தது. "அந்தக் கயித்த அறுத்து விடுங்க லா, பாவம்!" என்று மயிலம்மாள் கத்தினாள். ஏழு மாசக்காரி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

முதலில் ஒன்றிரண்டு ஈசல்தான் வெளிச்சத்தில் பறந்தது. பிறகு நூறு. பிறகு கணக்கே இல்லை. ரப்பர் மரங்களுக்கு அடியிலிருந்து புகை எழும்புவதுபோல் வந்தன. விளக்குக்கு முன்னால் பறந்தவை துணியில் ஆள் உயர நிழலாக விழுந்தன. பெரிய எறும்பு, அதற்கு மேல் அதைவிடப் பெரிய சிறகுகள். எது படம், எது நிசம் என்று எனக்கே பிடிபடவில்லை.

"படத்துலேர்ந்து வெளிய வருதுடா!" என்று யாரோ அலறினார்கள். முந்நூறு பேரும் கேட்டைப் பார்த்து ஓடிவந்தார்கள். கேட்டு விளக்கிலோ இன்னும் அதிகம். வாயில், காதில், கண்ணில் எல்லாம் ஈசல். மயிலம்மாளைக் கம்பியோடு நெருக்கிவிட்டார்கள். சேலை முள்ளில் மாட்டிக்கொண்டது. "ஐயோ, என் வயிறு!" என்றாள். நல்லசாமி துப்பாக்கியைத் தூக்கிவிட்டான்.

"சுட்றாதடா! வெளிச்சத்துக்குத்தான் வருதுங்க!" என்று கத்தினேன். என் துப்பாக்கியை அங்கேயே சாத்திவிட்டு எஞ்சின் கொட்டகைக்கு ஓடி, எஞ்சினை நிறுத்தினேன்.

அக்கா, அப்படி ஓர் இருட்டை நான் கண்டதில்லை. படமும் இல்லை, வேலியும் இல்லை. காடு பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது. அலறல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அதற்குப் பிறகு ஒரு சத்தம் கேட்டது: லட்சம் சிறகுகள் உதிர்கிற சத்தம். இலையில் தூறல் விழுவதுபோல மெல்ல, எங்கும். என் முகத்தில், தோளில், கையில் வந்து உட்கார்ந்தன. கடிக்கவில்லை. கனமே இல்லை. இவற்றுக்கா இவ்வளவு பயம் என்று நினைத்தேன். ஆனாலும் என் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை. முந்நூறு பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம். யாரோ முள்ளைத் தடவித் தடவி மயிலம்மாள் சேலையை விடுவித்தார்கள். "அசையுது, புள்ள அசையுது" என்று அவள் சொன்னது அந்த இருட்டில் எல்லாருக்கும் கேட்டது.

கால் மணி நேரம் கழித்து எஞ்சினைப் போட்டேன். கேட்டருகே கணுக்கால் உயரத்துக்குச் சிறகு. விடிந்ததும் பெண்கள் ஈசலை அள்ளி அரிசியோடு வறுத்தார்கள். வேலை மேற்பார்க்கிற மண்டோர் வீரமுத்து எனக்கும் ஓர் இலையில் கொண்டுவந்தார். சாப்பிட மனசு வரவில்லை.

திங்கட்கிழமை விசாரணை. துப்பாக்கியைப் போட்டுவிட்டுப் போனது ஒரு குற்றம், வேலியை இருட்டாக்கியது இன்னொன்று. "அந்நேரம் காட்டுக்குள் இருப்பவர்கள் வந்திருந்தால்?" என்று கேட்டார் அதிகாரி. நியாயமான கேள்விதான். உடுப்பை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். நாளையிலிருந்து ரப்பர் மரத்தில் பால்வெட்டு.

உங்கள் தம்பி
ஜோசப்ராஜ்

*

கோலா பிலா,
6.11.1955

அன்புள்ள தம்பி ஜோசப்புக்கு,

உன் கடிதத்தைத் தையல் மெஷின் மேல் வைத்துக்கொண்டு எத்தனை தடவை படித்தேனோ. அந்தச் சிறகுச் சத்தம் எனக்கும் கேட்கிறது. மயிலம்மாளுக்குப் பிரசவமானதும் எழுது.

அந்த லாரியை நான் மறக்கவில்லை. மறப்பேன் என்று பொய் சொல்லவும் மாட்டேன். ஆனால் உன்மேல் கோபத்தோடு கடல் தாண்ட எனக்கு மனசில்லை.

ஆமாம் தம்பி, போகிறேன். மாமா நாகப்பட்டினத்தில் வீடு பார்த்துவிட்டார். டிசம்பர் மூன்றாம் தேதி சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பல். திரும்பி வருவேனா, தெரியாது.

ஒருநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வா. அவரைக் கொண்டுபோன ஏழாம் மாசம் எனக்கு மகள் பிறந்தாள். அந்தோனியம்மாள் என்று பெயர். உனக்குச் சொல்லவே கூடாது என்று இருந்தேன். மூன்றரை வயசாகிறது, மாமன் முகம் தெரியாது. வந்து காட்டு.

உன் அக்கா
ஆக்னஸ்