தினம் ஒரு நிமிடம் முன்னதாக

அன்புள்ள உம்மாவுக்கு, ஸலாம். முட்டுவலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? நான் இங்கே வளைகுடாவில் சுகம்.

வேலையில் சின்னச் சிக்கல், தீர்ந்துவிட்டது. எங்கள் லாரிகள் எங்கே நிற்கின்றன என்று பார்க்கும் புரோகிராம் ஒன்று, யார் கண்ணிலும் படாமல் சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வாரமாகச் சாயங்காலந்தோறும் காரணமில்லாமல் அது செயலிழந்தது. சரிசெய்யாமல் தங்கை கல்யாணத்துக்கு லீவு கிடையாது என்றார் மானேஜர்.

6.18, 6.17, 6.16. அது நின்ற நேரங்களை எழுதிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏதோ ஒன்று தினம் ஒரு நிமிடம் முன்னதாக என்னிடம் வந்துகொண்டிருந்தது.

கோட்டாறு டிரைவர் ஷரீஃப் காக்கா தாளைப் பார்த்துச் சிரித்தார். "ஏலே, இது பொழுதடையிற மஃரிப் பாங்கு நேரம்லா? அப்பந்தானே நாங்க இருநூறு பேரும் வண்டிய ஓரங்கட்டுவோம். நீ தொழவே மாட்டியா மக்கா?"

இருநூறு பேரும் ஒரே நேரத்தில் வண்டியிலுள்ள 'நிறுத்தம்' பட்டனை அமுக்கியதைப் புரோகிராம் தாங்கவில்லை. திருத்திவிட்டேன். லீவு கிடைத்தது.

எங்கள் ஆபீஸ் ஜன்னல்கள் திறக்காது; பாங்கு உள்ளே கேட்காது. ஊரில் பாங்கு கேட்டதும் நீங்கள் போனை வைத்துவிடுகிறீர்கள். இனி வைக்காமல், ஜன்னலில் சாய்த்துவிட்டுத் தொழப் போங்கள். நான் பேசமாட்டேன், பாங்கைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது.

உங்கள் மகன்,
தௌஃபீக்