படத்துக்குப் போட்ட கவுண்டரில் வந்து சேர்ந்த முப்பத்தேழு மனுக்கள்

அனுப்புநர்:
'ரசீது' என்று தெருவார் அழைக்கும் பண்டகக் காப்பாளர்,
குழாய்த் தொழிற்சாலை.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: நகைச்சுவைக் குறும்படத்தில் அதிகாரியாக நடித்த என்னிடம் பொதுமக்கள் ஒப்படைத்த உண்மையான மனுக்களைத் தங்கள் அலுவலகம் ஏற்க மறுப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ஐம்பது வயதான நான், இருபத்தாறு ஆண்டுகளாகப் பண்டகக் காப்பாளராக இருப்பவன். யார் எதைக் கொடுத்தாலும் எண்ணிட்டு ரசீது தருவது என் தொழில். தெருவார் வைத்த பெயரும் அதுவே. என் வசம் உள்ள முப்பத்தேழு மனுக்களைத் தங்களிடம் சேர்ப்பதே இம்மனுவின் நோக்கம்.

1. குழந்தைகள் சிகிச்சைப் பிரிவுக்குச் சக்கர நாற்காலிகள் வாங்க நிதி திரட்டும்பொருட்டு, பல் மருத்துவரான என் மைத்துனர் ஒரு குறும்படம் இயக்குகிறார். உள்ளூர்ப் பெண்ணை மணக்க வந்த வெளிநாட்டு மாப்பிள்ளையிடம், அவர் வெளிநாட்டவர்தான் என்பதற்கு உள்ளூர்ச் சான்று கேட்டு அலையவிடுவதே கதை. மாப்பிள்ளையாக நடிப்பவர், எங்கள் தொழிற்சாலைக்கு இயந்திரம் பொருத்த வந்த வெளிநாட்டுப் பொறியாளர். அலையவிடும் அதிகாரி நான். கதை முழுவதும் கற்பனை என்று மைத்துனர் கூறுகிறார். படித்துப் பார்த்துத் தாங்கள் அனுமதி வழங்கியதால் நானும் அதை நம்புகிறேன்.

2. அவ்வனுமதியின்படி, கடந்த வெள்ளிக்கிழமை 6ஆம் தேதி, தங்கள் அலுவலகத் தரைத்தளத்தில் காலியாக இருந்த அறையில் கவுண்டர் அமைத்தோம். நடிப்பு இயல்பாக வர வேண்டுமென்று மைத்துனர் கேமராவைத் திரைக்குப் பின்னால் மறைத்தார். வாசலில் அறிவிப்பு ஒட்ட மறந்தார். பிழை எங்களுடையது. ஆயினும், உள்ளே மின்விசிறி சுழன்றது, குடிநீர் இருந்தது, வந்தவர்களை அமரச் சொன்னோம். இது அரசு அலுவலகம் அன்று என்பதைப் பொதுமக்கள் இவற்றிலிருந்தே ஊகித்திருக்கலாம்.

3. ஊகிக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பின்னால் வரிசை நீண்டது. மைத்துனர் அமர்த்திய துணை நடிகர்கள் என்று நான் எண்ணினேன்; நான் அழைத்து வந்தவர்கள் என்று அவர் எண்ணினார். ஒவ்வொரு மனுவையும் படித்து, எண்ணும் தேதியும் இட்டு, கையொப்பத்துடன் ரசீது கொடுத்தேன். மாப்பிள்ளை தமக்குத் தெரிந்த இரண்டே தமிழ்ச் சொற்களான "உக்காருங்க", "சாப்டீங்களா" ஆகியவற்றை எல்லாரிடமும் பாரபட்சமின்றிப் பயன்படுத்தினார். அவரை மேலதிகாரி என்றே பலரும் கருதியதாகப் பின்னர் அறிந்தேன்.

4. நேற்று மனுக்களைத் தங்கள் தபால் பிரிவில் கொடுத்தேன். எழுத்தர், "படத்துல வாங்கினதைப் படத்துலயே முடிச்சு வைங்க சார்" என்று கட்டைத் திருப்பித் தள்ளினார். எங்கள் வசனகர்த்தாவுக்கு இவ்வளவு வராது.

5. மனுதாரர்களின் வீடுகளுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டு வருகிறேன். பதினேழாம் எண் மனு, தையற்காரம்மா ஒருவருடையது. அவர் மகளின் பிறப்புச் சான்றிதழில் 'ஆண்' என்று தங்கள் அலுவலகம் பதிந்துள்ளது. செவிலியர் பயிற்சியில் அப்பெண்ணுக்குக் கிடைத்த இடம் நிலைக்க, திருத்திய சான்றிதழை வரும் வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். ஏழு மாதமாக அலைகிறார். மனுவை நான் திருப்பி நீட்டியபோது அவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவேயில்லை. "ஏழு மாசத்துல நீங்க ஒருத்தர்தாண்ணா நிமிர்ந்து பார்த்து வாங்கினீங்க. நடிப்புன்னா என்ன, அவங்களையும் அதே மாதிரி நடிக்கச் சொல்லுங்க" என்றார். நீட்டிய மனுவை மீண்டும் கட்டில், பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடையே வைத்தேன்.

ஆகவே, முப்பத்தேழு மனுக்களையும் 6ஆம் தேதியிலேயே பெற்றதாகப் பதிவு செய்யுமாறும், பதினேழாம் எண் மனுவின் மீது வியாழக்கிழமைக்குள் ஆணையிடுமாறும் வேண்டுகிறேன்.

நாளை முதல் மூன்று நாள் விடுப்பு எடுத்துள்ளேன். ஒருவர் ஒரு முறைக்கு ஒரு மனு மட்டுமே தரலாம் என்று தங்கள் தபால் பிரிவில் பலகை தொங்குகிறது. விதிக்குக் கட்டுப்பட்டு முப்பத்தேழு முறை வரிசையில் நிற்பேன். முதல் முறை, தையற்காரம்மாவின் மனுவோடு.

நாள்: 10ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை
இடம்: தங்கள் அலுவலகத்துக்கு எதிர்த்தெரு

இங்ஙனம்,
(ஒப்பம்)
பண்டகக் காப்பாளர்