ஓட்டல் வாசலோடு திரும்பிய அத்தை

வெபுயே
9 அக்டோபர் 1994

என் கண்ணே நெலிமா,

இங்கே நானும் உன் அப்பாவும் கடவுள் கிருபையில் உடம்பளவில் சுகம்தான், நீயும் அந்தக் குளிர் ஊரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, காலுக்குக் கம்பளி போட்டுக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். மனசுதான் இங்கே சரியில்லை, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போன மாதம் நீ போனில் ஓட்டல் எப்படிம்மா இருந்ததுன்னு ஆசையாகக் கேட்டாய், நான் சொர்க்கம் மாதிரி இருந்ததுடின்னு சொன்னேன். பொய் சொன்னேன் மகளே.

நீ ஆஸ்பத்திரியில் இரண்டு ஷிப்ட் பார்த்து, அப்பாவின் எழுபதாவது பிறந்த நாளுக்கென்று மொம்பாசாவில் மூன்று நாள் பிடித்துக் கொடுத்த இடம் அது, நினைத்தால் வயிறு எரிகிறது. ஒரு நாள் வாடகைக்கு இங்கே நல்ல கன்றுக்குட்டி ஒன்று வாங்கலாம். அதற்கு அவர்கள் கொடுத்தது குழாயில் உப்புத் தண்ணீரும் நடுவே குழி விழுந்த மெத்தையும்தான், நானும் அவரும் இரண்டு பக்கமிருந்தும் அந்தக் குழிக்குள்ளேயே உருண்டோம். நம் சோளக்களி உகாலி கேட்டால் முந்தின நாளே சொல்லி வைக்கணும்மான்னு பரிமாறுகிறவன் சிரிக்கிறான். டீ என்று ஒரு கோப்பை வெந்நீரும் நூல் கட்டின பொட்டலமும் வந்தது, அதை என்ன செய்வதென்று உன் அப்பா என்னைப் பார்க்கிறார். ஆனால் என் மக அனுப்பினது, குறை சொல்லாதேடின்னு என் வாயை அடக்கினார். அதெல்லாம் போகட்டும், மூன்று நாள் கஷ்டம், தீர்ந்தது.

தீராதது வேறு. உன் அப்பா அந்த ஓட்டலுக்குச் சம்மதித்ததே கடலுக்காக இல்லை, அந்த ஊரிலேயே இருக்கிற நகுமிச்சா அத்தைக்காக. அவர் அம்மாவை அடக்கம் பண்ணின அன்றைக்கு, மழை வருகிறதென்று, அத்தையின் பஸ் வந்து சேருவதற்குள் மண்ணைத் தள்ளச் சொல்லிவிட்டார் அல்லவா, அதிலிருந்து பதினொரு வருஷமாக அக்காவும் தம்பியும் பேசவில்லை. பகையோட அவ வாசலை எப்படி மிதிக்கிறதுன்னு, சனிக்கிழமை மத்தியானம் ஓட்டலுக்கு வா அக்கா, நான் மன்னிப்புக் கேக்கணும்னு அவரே கைப்பட எழுதியிருந்தார். அன்றைக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு ஓட்டல் கூடத்தில் காலை பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். அத்தை வரவில்லை. மேலே வந்து கோட்டைக் கழற்றிவிட்டு, முடிஞ்சது சிசிலியா, இனிமே அவ பேரை எடுக்காதேன்னு சொன்னார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

போன செவ்வாய்க்கிழமை அத்தையின் மகன் சிஃபுனா, லாரி ஓட்டுகிறானே, அவன் இந்தப் பக்கம் வந்தவன் வீட்டுக்குள்கூட வராமல் முற்றத்திலேயே நின்று பேசினான். அந்தச் சனிக்கிழமை அத்தை ஓட்டலுக்கு வந்திருக்கிறார்! கோழி அடித்துக் குழம்பு வைத்து, இரைப்பையைத் தனியாக வாழை இலையில் மடித்துத் தம்பிக்கென்று எடுத்து வந்திருக்கிறார், நம் ஜனத்தில் அதற்கு மேல் ஒரு மன்னிப்பு உண்டா? அறை எடுக்காதவர் உள்ளே போகத் தனிக் கட்டணம், வெளிச் சாப்பாடு கூடவே கூடாது என்று தெருக் கேட்டிலேயே காவல்காரன் மறித்துவிட்டான். கட்டணத்தைக் கட்டிடறேன்யா, கோழியை மட்டும் விடுன்னு கெஞ்சியிருக்கிறார். அறைக்குப் போன் போட்டானாம், அந்தப் போன் நாங்கள் போன நாளிலிருந்தே செத்துக் கிடந்தது. சமைத்துக் கொண்டுபோனதை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போவதா என்று பஸ் நிறுத்தத்தில் யாரோ முகம் தெரியாதவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். அன்னிக்கு என்னை விட்டுட்டு அம்மாவைப் புதைச்சான், இன்னிக்கு ஆள் வச்சு விரட்டுறான், நான் செத்தா அவன் வரக் கூடாதுன்னு சொல்லி அனுப்பியிருக்கிறார்.

உன் அப்பா நம்பவில்லை. அம்மாவுக்காகக் கதை கட்டுறான், வந்திருந்தா என் பேரைச் சொல்லிக் கத்தியிருப்பா, அவ தொண்டை எனக்குத் தெரியாதான்னு எழுந்து மாட்டுப் பக்கம் போய்விட்டார்.

நெலிமா, சிஃபுனா சொன்னது சத்தியம். அன்றைக்குக் கால் வீக்கத்தோடு நான் அறையிலேயே இருந்தேன். கீழே கூடத்திலிருந்து தெரியாத அந்தத் தெருக் கேட், அறை ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும். தலையில் கூடையோடு ஒரு ஒல்லிக் கிழவி காவல்காரனிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். மாம்பழம் விற்கிறவள் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன். வெயில் கண்ணைக் குத்தியது, திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். அத்தை எவ்வளவு வாட்டசாட்டமான பெண், இப்படி உருகிப்போயிருப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? கீழே ஒரு குரல் கொடுத்திருந்தால் போதுமே, பாவி நான்.

இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. ஐந்து நாளாகச் சோறு எடுத்து வைக்கும்போதெல்லாம் வாய் வரைக்கும் வருகிறது, பயந்து விழுங்கிவிடுகிறேன். சொன்னால் அத்தனை கோபமும் என் பக்கம் திரும்பும். சொல்லாவிட்டால் அக்கா தன்னை மன்னிக்கவே இல்லை என்ற நினைப்போடுதான் அந்த மனுஷன் கண்ணை மூடுவார். அதனால்தான் முதலில் உனக்கு எழுதினேன், இதைத் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டால் அப்புறம் நான் பின்வாங்க முடியாது. போட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போய்ச் சொல்லப் போகிறேன்.

உன் மேல் ஒரு தப்பும் இல்லை, அழாதே, இரண்டு ஷிப்ட் பார்ப்பதையும் விட்டுவிடு. அத்தைக்கு நீயும் ஒரு கடிதம் எழுது, மறந்துவிடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், என் கை உன் தலைமேல் இருப்பதாக நினைத்துக்கொள். இது உன்னிடம் வந்து சேரும்போது அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அவர் அக்காவிடம் போய்ச் சேர்ந்தால் போதும், என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

உன் அம்மா,
சிசிலியா