தீவில் வைத்த அமாவாசைச் சோறு

என் அன்புக்குரிய அப்பாவுக்கு,

போன வருஷம் ஆடியில் நீங்கள் போனபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. பாஸ்போர்ட் விசா கொடுத்த முதலாளி கபீலிடம் இருந்தது. "லீவ் மாஃபி", லீவே கிடையாது என்று முடித்துவிட்டார்கள். கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். மூத்த பிள்ளை நான் டெலிபோன் கார்டைச் சுரண்டிக்கொண்டு நின்றேன். மன்னித்தீர்களா?

அதனால்தான் இந்தப் புரட்டாசி அமாவாசைக்காவது உங்களுக்குச் சோறு வைத்தே தீருவது என்று வெறியாக இருந்தேன்.

ஆனால் அன்று எனக்கு டூட்டி தீவில். ராஸ் அல் கைமா கேம்பில் காக்காய் வருவதற்குள் தீவுக்குப் படகு கிளம்பிவிடும். தீவிலோ காக்காயே கிடையாது. இருப்பது ஒருவகை நீர்க்காகம், உடம்பெல்லாம் கறுப்பு. ஆயிரக்கணக்கில் கூடி, மணலில் குழி பறித்து முட்டையிட்டு, வெயில் படாமல் மேலே நின்று நிழல் கொடுக்கும். இந்தக் கடலையும் பக்கத்துக் கரைகளையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் குஞ்சு பொரிக்காதாம். "உதர் மத் ஜானா" என்று வாட்ச்மேன் கான் பாய் முதல் நாளே சொல்லியிருந்தார். அந்தப் பக்கம் போகாதே, ஆள் போனால் பறவை எழுந்துவிடும், எழுந்தால் முட்டை கலாஸ், அதோடு காலி என்று.

நான் கேட்கவில்லை. கறுப்புப் பறவைதானே, அப்பா வந்துவிடுவார் என்று நினைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் ரூம்மேட் செல்வத்தைக் கூட்டிக்கொண்டு தடுத்துக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போய், பேப்பர் தட்டில் சோறு வைத்து, "கா, கா" என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன்.

அத்தனையும் ஒன்றாக எழுந்துவிட்டன அப்பா. சோற்றுக்கு வந்த கடல்புறாக்கள் முட்டைகளைப் பார்த்ததும் சோற்றை விட்டுவிட்டன. கத்தினோம், ஹெல்மெட்டை வீசினோம். நாங்கள் விரட்ட ஓடிய பக்கமெல்லாம் மிச்சப் பறவைகளும் எழுந்தன. அடைக்கோழிப் பக்கம் போனாலே எங்கள் முதுகில் ரெண்டு வைப்பீர்களே, அன்று இருந்திருந்தால் என்னை என்ன செய்திருப்பீர்கள்?

கான் பாய் ஓடி வந்தார். என் பூட்ஸில் ஒட்டியிருந்த மஞ்சள் கருவைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கடைசியில் ஒரு கடல்புறா உங்கள் சோற்றையும் தின்றது. "விடுடா, சோறு எடுத்துருச்சுல்ல. ஒங்கப்பா வந்துட்டாருன்னு வச்சுக்க" என்றான் செல்வம். ஆறுதலுக்குத்தான் சொன்னான். அதன் அலகில் முட்டை வழிந்துகொண்டிருந்தது. அது நீங்கள் இல்லைதானே என்று யாரிடம் கேட்பேன்?

பாதிப் பறவைகள் திரும்பவே இல்லை. திரும்பியவற்றில் சில, நேற்றும் வெறும் குழிக்கு மேல் நின்று நிழல் கொடுத்துக்கொண்டிருந்தன.

வருகிற ஐப்பசி அமாவாசை வெள்ளிக்கிழமை, டூட்டி இல்லை. கேம்புக்குக் காக்காய் வரும். இருந்தும் நான் சோறு வைக்கப் போவதில்லை. அந்தத் தீவில் அடுத்த வருஷம் குஞ்சு பொரிப்பதைக் கண்ணால் பார்க்கும்வரை வைக்க மாட்டேன், இது சத்தியம். கனவில் வந்து அடியுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அதுவரை பசியோடு இருங்கள் அப்பா.

உங்கள் மூத்த பிள்ளை,
ராசேந்திரன்